படித்து முடித்த டொக்டருக்கு இன்னும் என்ன படிப்பு?



"வைத்திய உதவியாளர் பயிற்சிக்குச் சென்றுள்ளார், நாளை வரவும்" என்று டிஸ்பென்சரிக் கதவில் ஒரு மட்டை தொங்கினால் லயத்தில் என்ன பேச்சு நடக்கும் என்பது நமக்குத் தெரியும். "அவருதான் படிச்சு முடிச்சு வந்தவராச்சே, இன்னும் என்னத்தைப் படிக்கிறாரு? புள்ளைக்குக் காய்ச்சல், இங்க கதவு பூட்டு!" என்பார்கள். அரை நாள் பேர் போட முடியாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த தாய்க்கு இந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனாலும் அந்தப் பயிற்சி வகுப்பு எதற்கு, அதனால் நமக்கு என்ன பயன் என்பதைத் தெரிந்துகொண்டால் கோபத்தோடு வேறு சில கேள்விகளையும் நாம் கேட்கலாம். அதற்காகவே இந்தக் கட்டுரை.

நோய்களும் மாறுகின்றன

தச்சு வேலையை ஒருமுறை கற்றவர் அதைக் கொண்டே ஆயுள் முழுதும் பிழைக்கலாம். மரம் மாறுவதில்லை. தொற்றுநோய் அப்படியல்ல. இருந்த நோய் போய்விடும், போன நோய் திரும்பி வரும், பெயரே கேட்டிராத நோய் புதிதாக முளைக்கும். நேற்று கேட்ட மருந்துக்குக் கிருமி இன்று அடங்காது. இருபது வருடத்துக்கு முன் படித்ததை மட்டும் வைத்துக்கொண்டு வைத்தியம் பார்ப்பவர், பழைய வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு புதிய ரோட்டில் லொறி ஓட்டுபவரைப் போன்றவர். இதனால்தான் டொக்டர்மார், தாதியர், மருத்துவிச்சிகள், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் எல்லோருக்கும் வேலையில் சேர்ந்த பிறகும் தொடர்ந்து படிப்பு இருக்கிறது. இதைத் தொடர்கல்வி என்கிறார்கள்.

நமது கண்டிப் பகுதிக்கு இதில் ஒரு வசதி உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1962 முதல் இங்கே இருக்கிறது. கண்டி, பேராதனை ஆகிய இரு பெரிய வைத்தியசாலைகளும் பக்கத்திலேயே உள்ளன. கண்டி மருத்துவச் சங்கம் 1978 முதல் டொக்டர்மாரைக் கூட்டி வைத்து, புதிய ஆய்வுகளையும் சிக்கலான நோயாளர்களின் விபரங்களையும் பேசச் செய்து வருகிறது. கொழும்பில் உள்ள தொற்றுநோயியல் பிரிவு வாரந்தோறும் ஓர் அறிக்கை வெளியிடுகிறது. எந்த மாவட்டத்தில் எந்த நோய் எத்தனை பேருக்கு வந்தது என்ற அட்டவணையும், ஏதாவது ஒரு நோய் பற்றிய பாடமும் அதில் இருக்கும்.

இவ்வளவும் மலைக்குக் கீழே இருக்கிறது. இது தெல்தோட்டை, கலஹா, புசல்லாவை, மடுல்கலைப் பக்கத்துத் தோட்ட டிஸ்பென்சரி வரை ஏறி வருகிறதா என்பதுதான் நமது கேள்வி. மூன்று நோய்களைக் கொண்டு இதை விளக்கப் பார்ப்போம்.

முதலாவது: உண்ணிக்காய்ச்சல்

கொழுந்து மலையில் வேலை செய்பவருக்கு அட்டையும் உண்ணியும் புதியவையல்ல. அட்டை கடித்தால் இரத்தம் போகும், அரிக்கும். உண்ணி சிலவேளை ஒரு காய்ச்சலையும் விட்டுச் செல்லும். காய்ச்சல், கடுமையான தலையிடி, மூட்டு நோவு, சில நாட்கள் கழித்து உடம்பில் சிவப்புத் தடிப்பு என்று அது வரும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கூடத் தடிப்பு தெரியலாம். ரிக்கெட்சியா என்ற மிகச் சிறிய கிருமி இதற்குக் காரணம்.

பார்த்தால் டெங்கு போல இருக்கும். அம்மை என்றும் நினைக்கத் தோன்றும். முன்பெல்லாம் இப்படி வந்த பலருக்கு "ஏதோ வைரஸ் காய்ச்சல்" என்று பெயர் வைத்து அனுப்பியிருப்பார்கள். பேராதனையில் பேராசிரியர் எஸ்.ஏ.எம். குலரத்னவும் அவருடன் சேர்ந்தவர்களும், மத்திய மாகாண மலைப்பகுதியில் இப்படிக் காய்ச்சலோடு வந்தவர்களின் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். நமது மலைகளில் புள்ளிக்காய்ச்சல் வகை ரிக்கெட்சியா நோய் இருக்கிறது என்பதை 2003ஆம் ஆண்டு அவர்கள் ஆய்வாக வெளியிட்டார்கள். கீழ்நாட்டில் கூடுதலாகக் காணப்படும் இன்னொரு வகையில், பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு இருக்கும். உடுப்புக்குள் மறைந்த இடத்தில் இருந்தால் தேடினால்தான் கிடைக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சாதாரணமாகக் கொடுக்கும் அமொக்சிசிலின் போன்ற மாத்திரைகள் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. டொக்சிசைக்ளின் என்ற மலிவான மருந்து கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். தாமதித்தால் நுரையீரல், மூளை என்று பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்து அலமாரியில் இருந்தும், நோயின் பெயர் டொக்டரின் நினைவில் இல்லாவிட்டால் அந்த மருந்தால் யாருக்கும் பயனில்லை. அந்தப் பெயரை நினைவில் வைப்பதுதான் பயிற்சி வகுப்பின் வேலை. (இதைப் படித்துவிட்டு யாரும் பார்மசியில் இந்த மாத்திரையைத் தாமாக வாங்க வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் டொக்டர் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.)

இரண்டாவது: டெங்கு

டெங்கு பற்றி நாமெல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். ஆனால் அதற்கான வைத்தியமே மாறிப்போனது பலருக்குத் தெரியாது. 2009ஆம் ஆண்டு நாட்டில் ஏறக்குறைய 35,000 பேருக்கு டெங்கு வந்து, 340க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். நூறு பேருக்கு ஒருவர் என்ற கணக்கு அது. அதன் பின் நமது டொக்டர்மார் தாய்லாந்துக்குப் போய், பாங்கொக் நகரின் குயின் சிரிகிட் சிறுவர் வைத்தியசாலையில் டெங்கு நோயாளரைக் கவனிக்கும் முறையைக் கற்று வந்தார்கள். 2010இல் சுகாதார அமைச்சு புதிய வழிகாட்டியை வெளியிட்டது. கற்று வந்தவர்கள் மற்ற டொக்டர்மாருக்கும் தாதியருக்கும் சொல்லிக் கொடுத்தார்கள்.

அப்படி என்ன கற்றார்கள்? டெங்கில் ஆபத்தான நேரம் காய்ச்சல் கொதிக்கும் நேரமல்ல, காய்ச்சல் இறங்கும் நேரம். அப்போது சிலருக்கு இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் போகும். இந்தக் கசிவு ஒன்று அல்லது இரண்டு நாள்தான் நீடிக்கும். அந்த நேரத்தில் நீர் குறைந்தால் நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போய்விடுவார். அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் அந்த நீரே நுரையீரலை நிரப்பி மூச்சை அடைக்கும். ஆகவே மணிக்கு மணி நாடி, இரத்த அழுத்தம், சிறுநீரின் அளவு எல்லாம் பார்த்து எழுதி, அதற்கேற்ப அளந்து கொடுக்க வேண்டும். பெரிய மெசின் எதுவும் இதற்குத் தேவையில்லை. தெரிந்த தாதியும், ஒரு தாளும் பேனாவும், விடாத கவனமும் இருந்தால் போதும்.

2017இல் இதைவிடப் பெரிய அலை வந்தது. 186,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு. வார்ட்டுகளில் கட்டில் இல்லாமல் நோயாளர் கீழே படுத்தார்கள். ஆனால் இறந்தவர்கள் சுமார் 440 பேர். ஆயிரம் பேருக்கு இரண்டு மூன்று பேர். 2009இன் கணக்கே நீடித்திருந்தால் ஏறக்குறைய 1,800 பேர் போயிருப்பார்கள். மக்கள் நேரத்தோடு வந்ததும், இரத்தப் பரிசோதனை வசதிகள் கூடியதும் இதற்குக் காரணமாக இருக்கலாம். இருந்தாலும் டொக்டரும் தாதியும் புதிதாகக் கற்றுக்கொண்டதற்கு இதில் பெரும் பங்கு உண்டு.

இங்கே நமக்கும் ஒரு பாடம் உண்டு. "டொக்டரையா, ஒரு சேலைன் ஏத்துங்க, ஒரு ஊசி போடுங்க, சரியாப் போயிடும்" என்று நாம் வற்புறுத்துவது வழக்கம். ஊசி போடாத டொக்டரை "ஒண்ணும் தெரியாதவரு" என்கிறோம். காய்ச்சலை உடனே இறக்க டைக்ளோபெனக் கேட்கிறோம். டெங்கு என்றால் டைக்ளோபெனக், இபுபுரொபன், அஸ்பிரின் மூன்றும் இரத்தப்போக்கை உண்டாக்கக் கூடியவை. பரசிட்டமோல் மட்டுமே, அதுவும் உடல் எடைக்கேற்ற அளவில்தான் கொடுக்க வேண்டும். ஊசி போடாமல் "மூன்றாம் நாள் இரத்தம் சோதியுங்கள்" என்று சொல்லும் டொக்டர் புதிதாகப் படித்திருக்கிறார் என்று அர்த்தம்.

மூன்றாவது: மலேரியா

முதல் இரண்டும் இருக்கும் நோய்கள். இது இல்லாமல் போன நோய். 1934, 35ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்து ஆறுகள் வற்ற, தேங்கிய குட்டைகளில் நுளம்பு பெருகி, குருநாகல், கேகாலை, கண்டி மாவட்டத்தின் தாழ்ந்த பகுதிகள் என்று மலேரியா பரவியது. ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். பின்னர் மருந்து தெளித்துத் தெளித்து 1963ஆம் ஆண்டு நாடு முழுவதிலும் வெறும் 17 பேர் என்ற அளவுக்குக் கொண்டு வந்தார்கள். "முடிந்துவிட்டது" என்று எல்லோரும் கை தளர்ந்தபோது அது திரும்பி வந்தது. 1960களின் முடிவில் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமானோர் படுத்தார்கள்.

மறுபடியும் பல வருடம் பாடுபட்டு, உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 அக்டோபரில் காணப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. பெருமைக்குரிய விஷயம். ஆனால் இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அதன் பிறகு படித்து வரும் இளம் டொக்டர்மாரில் பலர் ஒரு மலேரியா நோயாளியைக் கூடக் கண்ணால் பார்த்திருக்கமாட்டார்கள். பார்க்காத நோயை எப்படி நினைப்பது?

நோயைப் பரப்பும் நுளம்பு இன்னும் இங்கே இருக்கிறது. 2018இல் மொனராகலை மாவட்டத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு தொழிலாளியின் நோய் நுளம்பு வழியாக உள்ளூர்க்காரர் ஒருவருக்குத் தொற்றியது. கண்டுபிடித்து மேலும் பரவாமல் நிறுத்தினார்கள். ஆகவே மலேரியாத் தடை இயக்கம் டொக்டர்மாருக்கு இப்போதும் சொல்லி வருவது ஒன்றுதான்: காய்ச்சலோடு வருபவரிடம் "வெளிநாடு போய் வந்தீர்களா?" என்று கேளுங்கள்.

இது நமக்குத் தூரத்து விஷயமல்ல. நமது ஆட்கள் திருப்பதி, வேளாங்கண்ணி, சபரிமலை என்று யாத்திரை போகிறார்கள். சொந்தங்களைப் பார்க்கத் தமிழ்நாடு போகிறார்கள். சிலர் ஆபிரிக்க நாடுகளில் வேலைக்கும் போகிறார்கள். போகுமுன் சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்தில் விசாரியுங்கள். மலேரியா உள்ள இடங்களுக்குப் போகிறவர்களுக்குத் தடுப்பு மாத்திரை இலவசம். வந்த பின் காய்ச்சல் கண்டால், அது பல மாதம் கழித்து வந்தாலும், போய் வந்ததைச் சொல்லுங்கள்.

ஒரு தோட்டத்திலிருந்து ஒரு கடிதம்

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். சில தொற்றுநோய்கள் என்று சந்தேகப்பட்டால், வைத்தியம் பார்ப்பவர் அதைச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1897ஆம் ஆண்டிலிருந்து சட்டம். எச் 544 என்ற படிவத்தில் பெயரும் விலாசமும் எழுதிப் போகும். அதைப் பார்த்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் லயத்துக்கு வந்து பீலி, கான், நுளம்பு பெருகும் இடம் எல்லாம் பார்ப்பார். நோய் உறுதியாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை, சந்தேகமே போதும்.

2008இல் எலிக்காய்ச்சல் பரவி 7,000க்கு மேற்பட்டோர் நோயாளர் என்று அறிவிக்கப்பட்டு, 200க்கு மேற்பட்டோர் இறந்தபோது, எந்த ஊரில் கூடுதல் என்று தெரிந்தது இந்தப் படிவங்களால்தான். தோட்ட டிஸ்பென்சரியில் இருப்பவருக்கு நோயைச் சந்தேகிக்கத் தெரியாவிட்டால் படிவம் போகாது. படிவம் போகாவிட்டால், கணக்கில் நமது தோட்டத்தில் நோயே இல்லை. பரிசோதகரும் வரமாட்டார்.

நாம் என்ன செய்யலாம்?

1. டிஸ்பென்சரிக்குப் போனால் "காய்ச்சல்" என்று மட்டும் சொல்லி நிற்காதீர்கள். எத்தனையாம் நாள், எந்த மலையில் வேலை, உண்ணி கடித்ததா, வயல் அல்லது கானில் இறங்கினீர்களா, வெளிநாடு போனீர்களா என்று எல்லாம் சொல்லுங்கள். டொக்டர் கற்ற பாடத்துக்கு வேண்டிய மீதிப் பாதி உங்களிடம்தான் இருக்கிறது.

2. மலையிலிருந்து வந்ததும் உடம்பைப் பார்த்து உண்ணியை எடுத்துவிடுங்கள். தடிப்போ கறுத்த பொருக்கோ இருந்தால் வெட்கப்படாமல் காட்டுங்கள்.

3. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை கேளுங்கள். காசநோய்க்கு வைத்தியம் இலவசம். ஆறு மாதமும் விடாமல் குடித்தால் குணமாகும்.

4. பயிற்சி நாள் எது என்பதை முன்கூட்டியே பெரட்டில் அறிவிக்கும்படியும், அன்று அவசரத்துக்கு யாரிடம் போவது, வாகனம் யார் தருவது என்பதை எழுதி ஒட்டும்படியும் நிர்வாகத்தைக் கேளுங்கள். தலைவர்மார் இதைக் கூட்டத்தில் பேசலாம். பயிற்சியை நிறுத்துங்கள் என்று கேட்பதைவிட இது பயனுள்ளது.

5. மருத்துவிச்சியும் பிள்ளைக்காம்பரா பொறுப்பாளரும் பயிற்சிக்கு அனுப்பப்படுகிறார்களா என்றும் கேளுங்கள். பிள்ளையின் உடம்பு சுடுவதை முதலில் தொட்டுப் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

6. பயிற்சிக்குப் போய் வந்தவரிடம் "ஐயா, என்ன புதுசாச் சொன்னாங்க?" என்று கேளுங்கள். கேட்கிற ஆட்கள் இருந்தால், அடுத்த வகுப்பில் அவரும் இன்னும் கவனமாக உட்காருவார்.