இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டாமா? உங்களிடமும் அக்கம்பக்கத்திலும் காட்ட வேண்டிய கனிவு

பழைய சாலையோரங்களில், ஊர் எல்லையில், குளத்தங்கரையில் கவிழ்த்து வைத்த 'ப' மாதிரி மூன்று கற்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, அவற்றின் மேல் ஒரு கல்லைப் படுக்கவைத்திருப்பார்கள். பெயர், சுமைதாங்கி. (பெயரைக் கேட்டதும் 1962-ல் ஸ்ரீதர் இயக்கி, ஜெமினி கணேசன் நடித்த படம் ஞாபகம் வந்தால், உங்கள் வயதைக் கேட்க மாட்டோம்!) தமிழ்நாட்டில் மட்டுமல்ல, யாழ்ப்பாணத்துச் சாலைகளிலும் இந்தக் கற்கள் உண்டு.

அந்தக் கல்லின் உயரத்தில்தான் விஷயமே இருக்கிறது. தலையில் விறகுக்கட்டோ, நெல் மூட்டையோ சுமந்து வருபவர் அதைத் தரையில் இறக்கிவிட்டால், திரும்பத் தூக்கிவிட இன்னொரு ஆள் வேண்டும். ஆளில்லாத பாதையில் யாரைக் கூப்பிடுவது? தோள் உயரத்தில் கல் இருந்தால் சுமையை அதன் மேல் சரித்து வைத்துவிட்டு, சும்மாட்டை உதறி, வியர்வையைத் துடைத்து, மூச்சு வாங்கிவிட்டு, யார் உதவியும் இல்லாமல் மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். பல ஊர்களில் இந்தக் கற்களை, வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக நட்டிருக்கிறார்கள். 'சுமையை இறக்கி வைக்காமலே போயிட்டாளே' என்ற ஆற்றாமை. வழியில் போகிற யாரோ ஒருவராவது இறக்கி வைக்கட்டும் என்று ஒரு கல்.

இப்போது தலையில் மூட்டை சுமந்து நடப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். தலைக்குள் சுமப்பவர்கள் குறைந்த மாதிரித் தெரியவில்லை. 2019-ல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஏறக்குறைய 5 மணி நேரம். ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடங்கள். இதில் 'ஈடுபடும்' என்ற வார்த்தையைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான் இந்தக் கணக்குக்குள்ளேயே வருகிறார். மாமியாரின் பிரஷர் மாத்திரை தீர்ந்துபோச்சா, பிள்ளையின் ப்ராஜெக்ட்டுக்கு சார்ட் பேப்பர் வாங்கியாச்சா, கேஸ் புக் பண்ணியாச்சா என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருப்பதை எந்தக் கணக்கெடுப்பாலும் நிமிடக் கணக்கில் பிடிக்க முடியாது.

இப்படி எல்லோரையும் கவனிக்கிறவர், தன்னிடம் எப்படிப் பேசிக்கொள்கிறார்? அதைக் கேட்டால்தான் திக்கென்று இருக்கும்.

பிய்ந்த தோசை யாருக்கு?

சார்ட் பேப்பர் வாங்க மறந்துவிட்டது. பிள்ளை அழுதுகொண்டே ஸ்கூல் வேனில் ஏறுகிறது. உடனே உள்ளே ஒரு குரல் ஆரம்பிக்கும். 'ஒரு சின்ன விஷயம்கூட உருப்படியா செய்யத் தெரியல. நீயெல்லாம் என்ன அம்மா?' இதே விஷயம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நடந்து, அவர் உங்களிடம் வந்து புலம்பினால் என்ன சொல்வீர்கள்? 'விடு, ஆயிரம் வேலைல மறந்துடுச்சு, மத்தியானம் வாங்கிக் கொடுத்தா போச்சு' என்பீர்கள். அடுத்தவருக்குத் தயாராக இருக்கும் அந்த வார்த்தை, நமக்கு மட்டும் வாயில் வருவதில்லை.

அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப், தன் மீதான கனிவு பற்றி 2003-லிருந்து தொடர்ந்து எழுதி வருபவர். அவர் அதில் மூன்று விஷயங்களைப் பார்க்கிறார். தவறும்போது தன்னைத் திட்டாமல் ஆதரவாகப் பேசுவது. 'எனக்கு மட்டும்தான் இப்படி' என்று ஒதுங்காமல், எல்லா மனிதருக்கும் நடப்பதுதான் என்று உணர்வது. வலிக்கிறது என்பதை மறைக்காமல், ஊதிப் பெருக்காமல் அப்படியே கவனிப்பது. நடுவில் இருப்பதுதான் முக்கியமானது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. அடுத்த வீட்டுச் சமையலறையிலும் பால் பொங்கி வழிந்துகொண்டுதான் இருக்கிறது. நமக்குத் தெரிவது அவர்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் கேசரி மட்டும்தான்.

'இப்படித் தட்டிக்கொடுத்துக்கிட்டே இருந்தா சோம்பேறி ஆயிட மாட்டோமா?' என்று ஒரு சந்தேகம் வரும். நியாயமான சந்தேகம். நம்மில் பலர் திட்டு வாங்கியே வளர்ந்தவர்கள். திட்டினால்தான் வேலை நடக்கும் என்று நம்பிவிட்டோம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் இருவரும் செய்து 2012-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. மாணவர்களுக்கு ஒரு கஷ்டமான வார்த்தைத் தேர்வு வைத்தார்கள். சரியாகச் செய்யாதவர்களில் ஒரு பிரிவினரிடம், 'இது பலருக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, உங்களை நீங்களே கடிஞ்சுக்காதீங்க' என்ற தொனியில் சொன்னார்கள். அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் உட்கார்ந்து படித்தது அந்தப் பிரிவினர்தான். திட்டு விழும் என்ற பயம் இல்லாதபோது, தப்பைத் திரும்பிப் பார்க்கிற தெம்பு வருகிறது.

இதற்காக கண்ணாடி முன் நின்று 'ஐ லவ் மீ' என்று சொல்ல வேண்டியதில்லை. நம் வீட்டில் தொடங்க வேண்டிய இடம் தோசைக்கல். முழுசாக, முறுகலாக வந்த தோசையெல்லாம் தட்டுக்குப் போய்விடும். பிய்ந்தது, தீய்ந்தது, கடைசி மாவில் ஊற்றிய குட்டித் தோசை இதெல்லாம் சுட்டவருக்கு. யாரும் சொல்லி இப்படி நடப்பதில்லை, அவராகவே எடுத்துக்கொள்வார். வாரத்தில் ஒருநாள் முதல் தோசையைத் தட்டில் போட்டு, உட்கார்ந்து, சூடாகச் சாப்பிட்டுவிட்டு அடுத்ததை ஊற்றிப் பாருங்கள். வீட்டில் ஒரு விநோதமான அமைதி நிலவும். ஒன்றும் ஆகாது. வீட்டில் தனியாக இருக்கும் மதியத்தில், 'எனக்கு மட்டும்தானே' என்று முந்தாநாள் குழம்பைச் சூடு பண்ணுவதும் இதே கணக்குதான்.

ஆண்களுக்கு வேறு மாதிரி. வேலை போய்விட்ட அப்பா, காலையில் வழக்கம்போல டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போய் பூங்காவில் உட்கார்ந்திருப்பார். கேட்டால், 'ஒண்ணுமில்ல, லேசா தலைவலி.' அந்த 'ஒண்ணுமில்ல'வை உடைப்பதுதான் அவர் தனக்குச் செய்துகொள்ளக்கூடிய நல்லது.

கேட்டால் தருவார்களா?

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'செல்ஃப் கேர்' என்ற பெயரில் ஃபேஷியலும் வாசனை மெழுகுவத்தியும் விற்கிறார்கள். வாங்கலாம், தப்பில்லை. ஆனால், 299 நிமிட வேலையை மெழுகுவத்தி செய்யாது. சுமையில் பாதியை இன்னொருவர் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு வாய்திறந்து கேட்க வேண்டும். நமக்குக் கூச்சம் வருவதே அங்கேதான்.

நாம் நினைப்பதைவிட மனிதர்கள் உதவத் தயாராக இருக்கிறார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஃபிரான்சிஸ் ஃப்ளின், வனெசா லேக் இருவரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து நிரப்பி வாங்கி வரச் சொன்னார்கள். 5 பேர் சம்மதிக்க எத்தனை பேரிடம் கேட்க வேண்டியிருக்கும் என்று முதலில் ஊகிக்கச் சொன்னபோது, சராசரியாக 20 பேர் என்றார்கள். போய்க் கேட்டபோது சுமார் 10 பேரிலேயே வேலை முடிந்துவிட்டது. தெரியாதவர்களே இப்படி என்றால், அண்ணனும் நாத்தனாரும் எதிர்வீட்டு அக்காவும்?

கேட்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. 'இந்த வீட்டுல எனக்கு யாருமே உதவி பண்றதில்ல' என்பது புகார். அதற்கு பதில் சண்டைதான். 'செவ்வாய், வியாழன் ராத்திரி பாத்திரம் நீங்க தேய்ச்சிடுங்க' என்பது கோரிக்கை. நாளும் வேலையும் தெளிவாக இருந்தால் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

உதவுகிறவர்களுக்கும் இதேதான். 'எதாவது வேணும்னா தயங்காம சொல்லுங்க' என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். மனதாரத்தான் சொல்கிறோம். ஆனால், அது கஷ்டத்தில் இருப்பவர் தலையில் இன்னொரு வேலையை ஏற்றிவைக்கிறது. என்ன வேண்டும் என்று அவரே யோசித்து, அவரே கூச்சத்தை விட்டுக் கேட்க வேண்டும். 'மார்க்கெட் போறேன், தக்காளி வெங்காயம் உங்களுக்கும் சேர்த்து வாங்கிட்டு வர்றேன்' என்பது வேறு.

நம் ஊரில் ஓர் இடத்தில் மட்டும் இதை அழகாகச் செய்கிறோம். சாவு வீட்டில். அங்கே அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் 'காபி வேணுமா?' என்று கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கும் டம்ளரும் வந்துவிடும். அடுத்த வேளைக்குச் சாப்பாடும் வரும். அழுதுகொண்டிருப்பவரை அதட்டியாவது இரண்டு வாய் சாப்பிடவைக்க ஒரு பெரியம்மா இருப்பார்.

ஆனால், வேலை போன வீட்டுக்கு அந்த ஃபிளாஸ்க் வருவதில்லை. கீமோதெரபி முடித்து வந்தவர் வீட்டுக்கு முதல் வாரம் ஹார்லிக்ஸ் பாட்டில்கள் வரும். நான்காவது மாதம் யாரும் வருவதில்லை. விவாகரத்தாகி வந்த பெண்ணின் வீட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் விசாரிக்க வருகிறார்கள். கர்ப்பம் கலைந்த பெண்ணிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் ஒதுங்கிப் போகிறோம். அங்கெல்லாமும் அடுப்பு பற்றவைக்கத் தெம்பில்லாத நாள்கள் உண்டு. என்ன பேசுவது என்று தெரிய வேண்டியதில்லை. ஒரு டப்பா ரசம் சாதம் போதும்.

'தப்பா நினைச்சுப்பாங்களோ?'

கனிவு வெளியே வராமல் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் கல்நெஞ்சு காரணமில்லை. 'தப்பா நினைச்சுப்பாங்களோ', 'இது ஒரு பெரிய விஷயமா' என்ற தயக்கம்தான். அமித் குமார், நிக்கோலஸ் எப்ளி இருவரும் 2022-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு சோதனை சுவாரஸ்யமானது. சிகாகோவில் குளிர்காலத்துப் பனிச்சறுக்குத் திடலுக்கு வந்தவர்களிடம் ஒரு கப் ஹாட் சாக்லேட்டைக் கொடுத்து, அதை அங்கிருக்கும் முன்பின் தெரியாத ஒருவருக்குத் தரச் சொன்னார்கள். வாங்குகிறவர் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று கொடுத்தவர்கள் கணித்தார்கள். வாங்கியவர்கள் அதைவிட அதிகமாகவே சந்தோஷப்பட்டிருந்தார்கள். கொடுக்கிறவர் பொருளின் மதிப்பைப் பார்க்கிறார். வாங்குகிறவருக்கோ, 'நம்மளை ஒருத்தர் நினைச்சாரே' என்பதுதான் பெரிதாகத் தெரிகிறது.

நம் தெருவில் இதற்கு சாக்லேட்கூட வேண்டாம். உடைந்த கண்ணாடி டம்ளரைப் பழைய நியூஸ்பேப்பரில் சுற்றி, தனியாகக் கட்டி, 'அக்கா, கண்ணாடி இருக்கு, பாத்து' என்று தூய்மைப் பணியாளர் கையில் கொடுங்கள். நாப்கினை மற்ற குப்பையோடு கலக்காமல் தனியாகச் சுற்றிப் போடுங்கள். அவர் கையை விட்டுத்தான் பிரிக்க வேண்டும் என்ற நினைப்பு இருந்தாலே பாதி வேலை முடிந்தது. நான்கு மாடி ஏறி வரும் டெலிவரி தம்பியை லிஃப்ட்டில் வர விடுங்கள். உங்கள் அப்பார்ட்மென்ட்டில் அதற்குத் தடை போர்டு இருந்தால், அடுத்த அசோசியேஷன் மீட்டிங்கில் எழுந்து கேளுங்கள். சென்னை மாநகராட்சி 2025-ல் அண்ணா நகரில் டெலிவரி ஊழியர்களுக்காக ஏசி ஓய்வறை திறந்தது. நம் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடுவதற்கு யார் திறப்பு விழா நடத்த வேண்டும்?

நாற்காலி என்றதும் ஞாபகம் வருகிறது. துணிக்கடையில் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே புடவை விரித்துக்காட்டும் பெண்களை, 2010-ல் வந்த 'அங்காடித் தெரு' படத்தில் பார்த்து நாம் கண் கலங்கினோம். 2018-ல் கேரளா, 2021-ல் தமிழ்நாடு என்று, கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் எனச் சட்டமே திருத்தப்பட்டது. அதனால், கூட்டம் இல்லாத நேரத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் முகம் சுளிக்காதீர்கள். அது அவர் உரிமை. 'உக்காந்துக்கிட்டே காட்டுங்கம்மா' என்று நீங்கள் சொன்னால், சூப்பர்வைசர் காதிலும் அது விழும்.

உரிமையையும் கனிவையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். வீட்டு வேலை செய்யும் அக்கா காய்ச்சலில் படுத்த நான்கு நாளுக்குச் சம்பளம் பிடிக்காமல் இருப்பது உங்கள் தாராளம் அல்ல, நியாயம். நம் ஆபீஸில் மெடிக்கல் லீவு கொடுத்தால் முதலாளிக்கு மாலையா போடுகிறோம்? அதேபோல, சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கும்போது போட்டோ எடுத்துப் போடுவது. வாங்குகிறவருக்கு அந்தச் சோறு எப்படி இறங்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இவ்வளவும் ஒரே ஆள் செய்ய வேண்டுமென்பதில்லை. தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் ஓடுகிற ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். அவருக்கும் முதுகு வலிக்கும். 'இன்னைக்கு முடியாதுக்கா, வெள்ளிக்கிழமை வர்றேன்' என்று அவர் சொன்னால், முகம் கோணாமல் 'சரிம்மா' என்பது நாம் அவருக்குச் செய்யும் உதவி. தூக்கம் போய், சாப்பாடு பிடிக்காமல், எதற்கெடுத்தாலும் அழுகை வருகிற நிலை நாள்கணக்கில் நீண்டால், அக்கம்பக்கத்து ஆறுதல் மட்டும் போதாது. மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக வசிக்கும் மாடி வீட்டுப் பெரியவர். 'குழம்பு கொண்டு வரட்டுமா?' என்றால், 'வேணாம்பா, உனக்கெதுக்கு சிரமம்' என்றுதான் சொல்வார். அதனால் கேட்காமல் கிண்ணத்தோடு போய் நில்லுங்கள். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பது அந்தத் தலைமுறையின் பழக்கம். மறுநாள் கிண்ணத்தில் இரண்டு எலுமிச்சம்பழமோ, கொஞ்சம் சர்க்கரையோ போட்டுக் கொடுப்பார். 'ஐயோ, எதுக்கு சார் இதெல்லாம்' என்று மறுக்காதீர்கள். வாங்கிக்கொள்ளுங்கள்.