கடல் தேங்காய்க்கு ஏன் இத்தனை எடை?

சீஷெல்ஸ் நாட்டின் பிராலின், க்யூரியஸ் என்ற இரண்டே தீவுகளில் இயற்கையாக வளரும் ஒரு பனையின் விதையான கடல் தேங்காய்தான் உலகிலேயே மிகப் பெரிய விதை. சில விதைகள் 17 கிலோ எடை இருக்கும்!

ஏன் இவ்வளவு? அங்குள்ள மண்ணில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் மிகக் குறைவு. வெயிலையும் ஓலைகள் மறைத்துவிடுகின்றன. அந்த இருட்டில் முளைக்கும் கன்று பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்க, தாய்மரம் கட்டித்தரும் கட்டுச்சோறுதான் இந்த விதை.

அந்த ஏழை மண்ணில் தாய்மரத்துக்குச் சத்து எப்படிக் கிடைக்கிறது? இதுதான் எனக்குப் பெரும் வியப்பு. விசிறி ஓலைகளின் மடிப்புகள் மழைநீரைத் தண்டு வழியாக அடிமரத்துக்கு இறக்குகின்றன. ஓலைமேல் விழுந்த மகரந்தம், பறவை எச்சம், சருகு எல்லாம் நீரோடு சேர்ந்து வேருக்குப் போய்விடுகின்றன. தன் காலடி மண்ணுக்குத் தானே உரமிட்டுக்கொள்ளும் மரம் இது! அப்படியும் காய் முற்ற 6, 7 ஆண்டுகள் ஆகும்.

பெயரில் கடல் இருந்தாலும் புதுக்காய் நீரில் மூழ்கிவிடும். உள்ளே அழுகி வெறும் ஓடான காய்களே மாலத்தீவு வரை மிதந்தன. அவற்றைக் கண்டவர்கள், மரம் கடலடியில் வளர்வதாக நம்பினார்கள்.

பருப்புக்காக நடக்கும் திருட்டு இன்று இந்த மரத்தை அழிவை நோக்கித் தள்ளுகிறது. அரசு அனுமதிச் சான்று இல்லாத காயை வாங்காதீர்கள்.