மாறுபாட்டு ஊடக எம்.ஆர்.ஐ. வழி மூளைக் கட்டிகளின் தரநிலை அறிதல்

முன்னுரை

உலக நலவாழ்வு நிறுவனம் மூளைக் கட்டிகளை 1 முதல் 4 வரை தரப்படுத்துகிறது. சிகிச்சை முறையைத் தீர்மானிப்பதில் இத்தரநிலைக்கு முதன்மையான இடமுண்டு. திசு ஆய்வே அதனை உறுதிசெய்கிறது எனினும், அதற்கு மண்டையோட்டைத் துளைத்தல் வேண்டும். மேலும், ஒரே கட்டியின் வெவ்வேறு பகுதிகள் வெவ்வேறு தரத்தனவாக இருக்கக்கூடுமாதலின், ஊசி எடுக்கும் சிறு துணுக்கு உண்மைத் தரத்தைக் குறைத்துக் காட்டலாம். கட்டி முழுவதையும் வெட்டாமலே காட்டும் எம்.ஆர்.ஐ. இக்குறையை எவ்வளவு நீக்கவல்லது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒளிர்வின் பொருள்

சிரை வழியே செலுத்தப்படும் காடோலினியச் சேர்மம், அருகிலுள்ள நீர் மூலக்கூறுகளின் டி1 தளர்வு நேரத்தைக் குறைக்கிறது. அது சேர்ந்த இடம் படத்தில் வெண்மையாகத் தோன்றுகிறது. நலமான மூளையில் குருதி-மூளைத் தடுப்பு இச்சேர்மத்தைக் குழாய்களை விட்டு வெளியேற விடுவதில்லை. ஆகவே, கட்டியின் ஒளிர்வு தடுப்பின் சிதைவைக் காட்டுகிறதேயன்றித் தரநிலையை நேரடியாகக் காட்டுவதில்லை. முதல் தரத்ததான பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா நன்கு ஒளிர்கிறது; மூன்றாம் தரக் கட்டிகளுள் சில ஒளிர்வதே இல்லை.

குருதிக் கொள்ளளவு அளவீடு

உயர்தரக் கட்டிகள் புதிய குருதிக் குழாய்களைப் பெருக்கிக்கொள்கின்றன. ஊடகம் மூளையை முதன்முறை கடந்து செல்லும்போது விரைந்து தொடர்படங்கள் எடுத்து, சைகை குறையும் அளவைக் கொண்டு குருதிக் கொள்ளளவு கணிக்கப்படுகிறது. நலமான எதிர்ப்பக்க வெண்பொருளோடு ஒப்பிட்டுப் பெறும் விகிதமே சார்புக் குருதிக் கொள்ளளவு ஆகும்.

கிளையோமா நோயாளர் 160 பேரிடம் மெங் லா குழுவினர் நிகழ்த்தி 2003இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் குறிப்பிடத்தக்கது. வழக்கமான எம்.ஆர்.ஐ. உயர்தரக் கட்டிகளுள் 72.5 விழுக்காட்டினை இனங்கண்டது; சார்புக் குருதிக் கொள்ளளவு 1.75 என்னும் எல்லை 95 விழுக்காட்டினை இனங்கண்டது. ஆனால், தாழ்தரக் கட்டிகளைச் சரியாக விலக்கும் திறன் 65 விழுக்காட்டிலிருந்து 57.5 ஆகக் குறைந்தது. அதாவது, உயர்தரக் கட்டி தவறவிடப்படுவது அருகினாலும், தாழ்தரக் கட்டியை உயர்தரமெனக் கொள்ளும் பிழை மிகுகிறது. நுண்குழாய்கள் செறிந்த ஆலிகோடென்ட்ரோகிளையோமா தாழ்தரத்திலும் உயர் கொள்ளளவு காட்டுவது இப்பிழைக்கு ஒரு காரணமாகும்.

முடிவுரை

2021ஆம் ஆண்டின் வகைப்பாடு, ஐ.டி.எச். மரபணு மாற்றம் முதலிய மூலக்கூற்றுக் கூறுகளையும் தரநிலைக்கு அடிப்படையாக்கியது. அவற்றைக் குருதிக் கொள்ளளவு மட்டும் கொண்டு உறுதிசெய்ய இயலாது. எனவே, மாறுபாட்டு ஊடகப் படமாக்கம் திசு ஆய்வுக்கு மாற்றாகாது. கொள்ளளவு மிக்க பகுதியைச் சுட்டி, ஊசி எங்குச் செல்லவேண்டும் என வழிகாட்டுவதிலும், அறுவைக்கு இயலாத நோயாளருக்குத் தரநிலையை உய்த்துணர உதவுவதிலுமே அதன் பயன் சிறக்கிறது.