வில்லங்கச் சான்றிதழ் சொல்லாத வழக்கு

நிகழ்ச்சி முடிந்த பிறகும் சில நேயர்கள் அழைப்பார்கள். அப்படி ஓர் அழைப்பு கிள்ளானிலிருந்து வந்தது. பேசியவர் பணி ஓய்வு பெற்ற பெரியவர். ஓசிஐ அட்டை வைத்திருக்கும் அவர், தாத்தா பிறந்த ஊர் என்பதால் திருச்சி பக்கம் ஒரு வீட்டு மனை வாங்கியிருக்கிறார்.

"வில்லங்கம் போட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன், மா. விற்றவரோட தங்கச்சி, தனக்கும் பங்கு இருக்குன்னு அதுக்கு முன்னாடியே வழக்குப் போட்டிருக்காங்களாம். அந்த வழக்குல என் பேரே இல்லை. அப்போ தீர்ப்பு என்னைக் கட்டுப்படுத்தாதுதானே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்து, தமிழ்நாட்டு வழக்கறிஞர் ஒருவரிடமும் கேட்டுவிட்டு, மறுநாள் நானே அவரை அழைத்தேன்.

பதில் அவருக்குப் பிடிக்காத பதில்தான். தீர்ப்பு அவரையும் கட்டுப்படுத்தும். இந்தியாவின் 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 52 அப்படிச் சொல்கிறது. வழக்கு தாக்கலான நாளிலிருந்து அந்தச் சொத்தை யார் வாங்கினாலும், வழக்கின் முடிவுக்கு உட்பட்டுத்தான் வாங்குகிறார். கிரயம் செல்லாமல் போகாது. ஆனால் எதிர்த்தரப்பின் உரிமையை அது குறைக்கவும் முடியாது. "வழக்கு இருந்தது தெரியாது" என்ற பதில் அங்கே எடுபடாது.

மலேசியாவில் நில அலுவலகத்தில் தேடிப் பார்த்தால், கேவியட் போட்டிருப்பது பதிவில் தெரிந்துவிடும். அந்தப் பழக்கத்தில் நாம் வில்லங்கச் சான்றிதழையும் நம்பிவிடுகிறோம். அதில் வருவது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான ஆவணங்கள் மட்டுமே. நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கைப் பற்றி யாரும் அங்கே பதிவு செய்யாவிட்டால், சான்றிதழ் சுத்தமாகத்தான் இருக்கும்.

அப்படியானால் வாங்கியவர் கைகட்டி நிற்க வேண்டியதுதானா? இல்லை. தன்னையும் வழக்கில் ஒரு தரப்பாகச் சேர்க்கும்படி அவர் மனுப் போடலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 1 விதி 10, கட்டளை 22 விதி 10 ஆகியவை அதற்கு வழி விடுகின்றன. இது ஏன் முக்கியம்? பணத்தை வாங்கிக்கொண்ட விற்பனையாளருக்கு வழக்கை அக்கறையாக நடத்தக் காரணம் இல்லை. அவர் வராமலே இருந்துவிடலாம்; எதிர்த்தரப்போடு சேர்ந்தும் போகலாம். நஷ்டம் வாங்கியவருக்குத்தான்.

தாம்சன் பிரஸ் வழக்கில், வழக்கு நடக்கும்போது சொத்தை வாங்கிய நிறுவனத்தைத் தரப்பாகச் சேர்க்க 2013-இல் இந்திய உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. ஆனால் இது கேட்டவுடன் கிடைக்கும் உரிமை அல்ல. சேர்ப்பதா வேண்டாமா என்பதை நீதிமன்றம்தான் முடிவு செய்யும். கர்நாடக வழக்கு ஒன்றில் சேர்க்கும் மனு தள்ளுபடியானபோது வாங்கியவர்கள் அதை எதிர்த்து மேலே போகவில்லை. தீர்ப்பு வந்து வெகுநாள் கழித்து மேல்முறையீட்டுக்கு அனுமதி கேட்டார்கள். 2025-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆகவே தெரிந்தவுடன் போக வேண்டும். இங்கிருந்தே இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரம் மூலம் ஊரில் ஒருவரை நியமிக்கலாம்.

இனிமேல் வாங்கப் போகிறவர்கள் 'இ-கோர்ட்ஸ்' இணையத்தளத்தில் விற்பவரின் பெயரைத் தேடுங்கள். பெயரின் எழுத்து மாறினால் வழக்கு கண்ணில் படாது; அந்தப் பகுதி நீதிமன்றத்திலும் வழக்கறிஞர் மூலம் விசாரியுங்கள். பூர்வீகச் சொத்து என்றால், மகள்கள் உட்பட எல்லா வாரிசுகளும் கையெழுத்திடுகிறார்களா என்று பாருங்கள்.

எல்லாம் கேட்டுவிட்டுப் பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தத் தங்கச்சியோட நான் சண்டை போடணுமா, மா?" என்றார்.

வேண்டியதில்லை ஐயா. தரப்பாகச் சேர்ந்தால், "அவருடைய பங்கை அவருக்குக் கொடுங்கள், நான் வாங்கிய மனையை முடிந்தவரை அண்ணன் பங்கில் ஒதுக்குங்கள்" என்று நீங்கள் கேட்கலாம். பாகப்பிரிவினை வழக்குகளில் நீதிமன்றங்கள் அதைப் பரிசீலிப்பது உண்டு. கேட்பதற்கு நீங்கள் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.