கழிவுநீர்: சொல்லுக்குள்ள அழுக்கு இல்லை

ஸீவேஜ், ஸீவரேஜ், ஸல்லேஜ், எஃப்ளுயண்ட். சிவில் டிபார்ட்மென்ட்ல இந்த நாலுக்கும் வித்தியாசம் கேட்டு ரெண்டு மார்க் கேள்வி வரும். மத்த டிபார்ட்மென்ட் நண்பர்களுக்காகச் சுருக்கமா: டாய்லெட் தண்ணியும் சேர்ந்தது ஸீவேஜ். அதைக் கொண்டுபோகும் குழாய் அமைப்பு ஸீவரேஜ். சமையலறை, குளியலறைத் தண்ணி மட்டும்னா ஸல்லேஜ். ஒரு தொட்டியிலிருந்தோ ஆலையிலிருந்தோ வெளியே வர்ற எந்தத் தண்ணியும் எஃப்ளுயண்ட், அது சுத்தம் செஞ்ச தண்ணியா இருந்தாலும் சரி. தமிழ்ல குழாய் அமைப்பை விட்டுட்டா மீதி மூணுக்கும் நாம கழிவுநீர்னு ஒரே சொல்லைத்தான் வச்சிருக்கோம்.

'ஸீவர்' எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? பழைய பிரெஞ்சில் மீன் குளத்தில் மிகுந்த தண்ணியை வெளியேற்றும் கால்வாய்க்கு அந்தப் பேர். அதுக்கு வேர் லத்தீன்: 'எக்ஸ்' என்றால் வெளியே, 'அக்வா' என்றால் தண்ணி. அவ்வளவுதான், நாத்தமே இல்லை. லண்டன் ஸீவர்களும் முதல்ல மழைத்தண்ணி வடியத்தான். 1815 வரைக்கும் வீட்டு மலக்கழிவை அதில் விடுவதற்குத் தடை இருந்தது. அப்புறம் ஃப்ளஷ் டாய்லெட் பரவி, எல்லாம் ஸீவர் வழியா தேம்ஸ் ஆத்துக்குப் போச்சு. 'ஸீவேஜ்' என்ற சொல்லே 1830களில்தான் வருது. 1858 கோடையில் நாத்தம் தாங்காம பார்லிமென்ட்டே திணறின பிறகுதான் பேசல்ஜெட் என்ற இன்ஜினியரின் பெரிய ஸீவர் திட்டத்துக்குப் பணம் கிடைச்சது.

நம்ம 'கழி'யும் இதே மாதிரி அப்பாவிச் சொல்தான். பொழுது கழியுது. அஞ்சுல மூணைக் கழிக்கிறோம். புத்தகக் கண்காட்சியில 10% கழிவு கேட்டு வாங்குறோம், யாரும் மூக்கைப் பொத்துறதில்லை. நீங்குவது, நீக்குவது, இதுதான் பொருள். (உப்பங்கழியில் இருக்கும் 'கழி'யை அகராதி தனிச்சொல்லாத் தருது, அதை இங்க இழுக்கலை.) சலதாரை என்றாலும் வெறும் நீரோட்டம்தான்; அதுவும் சாக்கடைக்குப் பேராகிடுச்சு. விருதுநகர்ப் பக்கம் சொல்ற வாறுகாலில் இருக்கும் 'கால்', வாய்க்காலில் இருக்கும் அதே கால்.

சொல் சுத்தம்னா, தண்ணி? அதில் சுமார் 99.9% வெறும் தண்ணிதான். ஸீவர் வசதியுள்ள ஊரில் ஒரு ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர்னு வச்சு டிசைன் பண்றோம். அதில் 80%, அதாவது 108 லிட்டர், திரும்ப வெளியே வரும். அதுக்குள்ள இருக்கும் திடப்பொருள் மொத்தமும் ஒரு சோப்புக் கட்டி எடைதான். அந்த நூறு கிராமை எடுக்கத்தான் இவ்வளவு பெரிய ஆலை.

எடுத்த பிறகும் பேர் மட்டும் போகமாட்டேங்குது. 'சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர்'! குளிச்சிட்டு வந்தவனை 'குளித்த அழுக்கன்'னு கூப்பிடுற மாதிரி இருக்கு. சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளைக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள ஆலைகள் 2019ல் தொடங்கின. அங்கே ஆர்.ஓ. வரைக்கும் சுத்தம் செஞ்சு தொழிற்சாலைகளுக்கு அனுப்புறாங்க. அதுக்கும் இதே பேர்தான். தொழிற்சாலைக்குப் பேர் முக்கியமில்லை, டெஸ்ட் ரிப்போர்ட் போதும். ஆனா ஒரு அபார்ட்மென்ட்ல ஃப்ளஷ்ஷுக்கு இந்தத் தண்ணியை விடலாம்னு சொல்லிப் பாருங்க, பேரைக் கேட்டதுமே வேண்டாம்பாங்க.

சிங்கப்பூர் இதைப் புரிஞ்சுகிட்டு, 2003ல் 'நியூவாட்டர்'னு பேர் வச்சே அறிமுகப்படுத்தினாங்க. 'வேஸ்ட்வாட்டர்' என்பதை விட்டுட்டு 'யூஸ்டு வாட்டர்'னு சொல்றாங்க. பயன்படுத்திய தண்ணி, அவ்வளவுதான்.

பேரை மாத்தினா மட்டும் போதும்னு நான் சொல்லலை. திருப்பூர் சாயத்தண்ணியில் இருந்த உப்பை சாதாரண பாக்டீரியா சுத்திகரிப்பு எடுக்காது. நொய்யல் கெட்டு, 2011ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன அளவுக்குப் போச்சு. அந்தத் தண்ணிக்கு எந்த அழகான பேரும் ஒட்டாது. அதனாலதான் வீட்டுத் தண்ணி, சாயத்தண்ணி, சுத்தமான தண்ணி எல்லாத்துக்கும் ஒரே சொல் இருப்பது எனக்கு உறுத்துது. சுத்தம் செஞ்சதை 'மறுபயன்பாட்டு நீர்'னு தனியா எழுதலாம்; பக்கத்துலயே பி.ஓ.டி., டி.டி.எஸ். அளவையும் போடலாம். காலேஜ் தோட்டத்துக் குழாயில் தொங்குற போர்டுக்கு ரெண்டு வரி தாராளமா பத்தும்.