ஒருதரம்... ரெண்டுதரம்... மூணுதரம்! மன்ற ஏலத்தில் கூவினது எவ்வளவு? கைக்கு வந்தது எவ்வளவு?

பொங்கல் விளையாட்டு விழா, கோவில் கொடை, ஆண்டு விழா என்று வந்துவிட்டால் இளைஞர் மன்றங்கள் ஏலம் போட்டு நிதி திரட்டுவது ஊருக்கு ஊர் நடக்கிற விஷயம். தேங்காய், பூசணிக்காய், சேவல், பட்டு வேட்டி என எதை மேடையில் வைத்தாலும் மைக்கில் "ஒருதரம்..." என்ற சத்தம் கேட்டதுமே கூட்டம் கூடிவிடும். சாதாரண தேங்காய் 2 ஆயிரம் ரூபாய்க்கு போகும். விசில் பறக்கும்.

மறுநாள் காலையில் நோட்டை விரித்தால்தான் நிஜம் தெரியும். கூவியது ஒரு தொகை, பெட்டியில் இருப்பது வேறு தொகை. பந்தல்காரர், மைக்செட்காரர் வாசலில் வந்து நிற்பார்கள். ஏலம் எடுத்தவரோ "அறுப்பு முடியட்டும், தர்றேன்" என்பார். கடைசியில் பொருளாளர் வீட்டு நகை அடகு கடைக்கு போகும். படிக்கிற பிள்ளைகளுக்கு நோட்டு புத்தகம் வாங்க நினைத்த திட்டம் அப்படியே நின்றுவிடும்.

பொருளுக்கா விலை?

விழுப்புரம் மாவட்டம் ஒட்டனந்தல் முருகன் கோவிலில் பங்குனி உத்திர திருவிழாவில் வேலில் செருகிய 9 எலுமிச்சை பழங்கள் ஏலம் விடப்படும். 2024-ல் அந்த 9 பழங்கள் ரூ.2 லட்சத்து 36 ஆயிரத்துக்கு ஏலம் போயின. பழத்துக்கா இந்த விலை? குழந்தை வரம் கிடைக்கும் என்ற நம்பிக்கைக்குத்தான்.

மன்ற ஏலத்தில் அந்த இடத்தில் இருப்பது ஊர் பாசமும் கவுரவமும். அதனால், திரட்டும் பணம் எதற்கு என்பதை ஏலத்துக்கு முன்பே மைக்கில் சொல்லிவிட வேண்டும். "நூலகத்துக்கு அலமாரி" என்று சொன்னால் கை தானாக உயரும். சும்மா "மன்ற வளர்ச்சிக்கு" என்றால் "யாரு வளர்ச்சிக்கு?" என்று பின்னால் இருந்து குரல் வரும்.

முன்பணம் முக்கியம்

ஐதராபாத் அருகே உள்ள பாலாப்பூர் விநாயகர் லட்டு ஏலம் 1994-ல் ரூ.450-ல் தொடங்கியது. 2023-ல் ரூ.27 லட்சம், 2024-ல் ரூ.30 லட்சத்து ஆயிரம் என்று எகிறியது. அங்கேயே 2024-ல் ஏலம் கேட்பவர்கள் முன்பணம் கட்ட வேண்டும் என்று கண்டிப்பு காட்டினார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

நம்ம ஊர் மன்றத்துக்கு அவ்வளவு வேண்டாம். 200 ரூபாய் கட்டி டோக்கன் வாங்கினால்தான் கேட்கலாம் என்று வைத்தால் போதும். போதையில் விலையை ஏற்றிவிட்டு காணாமல் போகிறவர்கள் பாதி பேர் அங்கேயே கழன்று கொள்வார்கள். பணம் கட்டி ரசீது வாங்கினால்தான் பொருள் கைக்கு வரும் என்பதையும் முதலிலேயே அறிவித்துவிட வேண்டும்.

கள்ளக்கேள்வி வேண்டாம்

விலை ஏறட்டும் என்று மன்றத்து ஆளையே கூட்டத்தில் நிறுத்தி கேட்க வைப்பது பல இடங்களில் நடக்கிறது. 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனை சட்டம் 64-வது பிரிவுப்படி, விற்பவர் தரப்பும் கேட்கும் என்று முன்கூட்டியே அறிவிக்காமல் இப்படி செய்தால், எடுத்தவர் அதை மோசடி என்று சொல்லி ஏலத்தை ஏற்க மறுக்கலாம். சட்டம் இருக்கட்டும். விஷயம் வெளியே தெரிந்தால் அடுத்த வருஷம் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

அதே பிரிவுப்படி ஏலம் முடிந்ததாக அறிவிக்கும் வரை கேட்டவர் பின்வாங்கலாம். ஆகவே "மூணுதரம்" சொன்ன அந்த நொடியே பெயரையும் தொகையையும் எழுதி கையெழுத்து வாங்குவது நல்லது. மைக் பிடிப்பவர் வேறு, நோட்டு எழுதுபவர் வேறு, பணம் வாங்குபவர் வேறு என்று 3 பேர் இருந்தால் குழப்பம் வராது.

பெரிய தொகை வந்தால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2017 ஏப்ரல் முதல் ஒருவரிடம் இருந்து ஒரே நாளில் ரூ.2 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்க வருமான வரி சட்டத்தில் தடை வந்தது. வாங்கினால் அதே அளவு தொகை அபராதம். வங்கி கணக்கு மூலம் வாங்குவதே பாதுகாப்பு.

வம்புக்கு இடம் வேண்டாம்

இரண்டு குடும்பத்துக்குள் போட்டி முற்றினால் விலை ஏறும், கூடவே பகையும் ஏறும். குரல் மாறுகிறது என்று தெரிந்தால் ஏலத்தை நிறுத்தி, அடுத்த பொருளுக்கு போய்விட வேண்டும். ஆயிரம் ரூபாய் குறைந்தால் பரவாயில்லை, போலீஸ் நிலையம் போக வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் வரவு, செலவு, பாக்கி மூன்றையும் எழுதி ஊர் பொதுவில் ஒட்டிவிட வேண்டும். பாக்கிக்காரர் பெயரை போடுவதா வேண்டாமா என்பது ஊர் பெரியவர்கள் பேசி முடிவு செய்ய வேண்டியது. ஆனால் கணக்கை ஒட்டாத மன்றத்துக்கு அடுத்த பொங்கலுக்கு தேங்காய் கொடுக்கக்கூட ஆள் இருக்காது.