கோலம் போடும் கைகளும் பள்ளிக்கூடமும்

மார்கழி மாதத்து வைகறையில் குத்தாலத்துத் தெருக்களில் செல்வோர் இக்காட்சியைக் காணலாம். தாய் இழைக்கும் கோலத்தின் ஓரத்தில் ஏழெட்டு வயதுச் சிறுமி தனக்கென்று சில புள்ளிகள் வைத்து, அவற்றைச் சுற்றிக் கம்பி வளைத்துக்கொண்டிருப்பாள். ஒரு புள்ளி பிசகினாலும் கோடு வந்து சேராது என்பதை அவளுக்கு யாரும் சூத்திரமாக உபதேசிக்கவில்லை. கண்ணும் விரலுமே கற்பித்தன. இத்தகைய கோலங்களைத்தான் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் உழைத்தவர்களும் 1970-களில் ஆராய்ந்து, கணிதவாயிலாக இலக்கணம் வகுத்தார்கள்.

அச்சிறுமி ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடம் போகிறாள். அங்கே சித்திரம் என்பது பெரும்பாலும் என்ன? கரும்பலகையில் உபாத்தியாயர் எழுதிய மாம்பழத்தை முப்பது பேரும் ஒரே மாதிரி எழுதுவது. அல்லது அச்சிட்ட கிளிக்குப் பச்சை வர்ணம் பூசுவது. கோடு தாண்டினால் குற்றம்!

உபாத்தியாயர்களை நாம் குறை கூறவில்லை. 2009-ம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணையைப் புரட்டினால் குறை எங்கே என்று தெரியும். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையில், அதுவும் பிள்ளைகள் 100 பேருக்கு மேல் இருந்தால்தான், கலைக்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் உண்டு. முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஒருவருமில்லை. தமிழ்நாட்டில் 2012-ல் நியமனம் பெற்ற பகுதிநேர ஆசிரியர்களுக்கு அப்பொழுது கிடைத்ததோ வாரத்தில் மூன்று அரைநாள் வேலையும், மாதம் 5,000 ரூபாயும்!

தென்னாப்பிரிக்காவில் பிற வக்கீல்களின் அழகிய கையெழுத்தைக் கண்டு காந்தியடிகள் தமது கையெழுத்துக்காக வெட்கப்பட்டார். எழுத்துப் பயிலுமுன் குழந்தை சித்திரம் பயில வேண்டும், பறவையையும் மலரையும் பார்த்து எழுதிய கை பின்னர் அட்சரங்களையும் அழகாக எழுதும் என்று தம் சுயசரிதத்தில் சொல்லியிருக்கிறார். சாந்திநிகேதனத்தில் பயின்ற தேவி பிரசாத் 1944-ல் சேவாகிராமம் சென்று, அங்கே பிள்ளைகளுக்குச் சித்திரம் போதித்தார். காந்தியின் படத்துக்கு மாலையிடுவதில் சளைக்காத நாம், இந்த ஒரு யோசனையை மட்டும் சௌகரியமாக மறந்துவிட்டோம்.

“படம் எழுதினால் சோறு கிடைக்குமா?” என்று கேட்பவர்கள் உண்டு. குத்தாலத்துக்குக் கிழக்கே கூறைநாட்டில் கட்டம் போட்ட கூறைப்புடவை நெய்த கைகளைக் கேட்கட்டும். அதிக தூரமில்லாத சிக்கல்நாயக்கன்பேட்டையில், கோயில் தொம்பைகளுக்குக் கலம்காரி தீட்டும் குடும்பங்களைக் கேட்கட்டும்; அக்கலைக்குக் கருப்பூர்க் கலம்காரி என்ற பெயரில் 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் சித்திரக்காரராக வேண்டுமென்பது நமது வாதமன்று. கணக்குப் படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் கணக்கப்பிள்ளையாகவா போகிறார்கள்? பார்ப்பதைச் சரியாகப் பார்க்கவும், மனத்தில் பட்டதைப் பிறர் கைபிடிக்காமல் உருவாக்கவும் பழக வேண்டும். அதற்கு ஏற்ற வயது ஐந்து முதல் பத்து. அந்த வயதையே சட்டம் விட்டுவிட்டது.

காவிரிக்கரைக் களிமண்ணுக்கு விலையில்லை. மாதம் ஒரு நாள் கலம்காரிக் கலைஞர் ஒருவரைக் குத்தாலம் பஞ்சாயத்து யூனியன் பள்ளிகளுக்கு வருவித்து, கௌரவமான ஊதியம் கொடுத்துப் பிள்ளைகள் நடுவே வேலை செய்யச் சொல்வதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். அட்டவணையைத் திருத்தவும் மசோதா வேண்டியதில்லை. 20-வது பிரிவின்படி மத்திய சர்க்காரின் அறிவிப்பு ஒன்றே போதும். டில்லிக்கு நாம் அனுப்பியிருக்கும் பிரதிநிதிகள் அந்த அறிவிப்பைக் கேட்டு வாங்கட்டும்.